மேல் வீட்டு டிவி சத்தம்

ஜூன் 12, புதன்

இந்த நோட்டு என் விருப்பத்தில் தொடங்கியதல்ல. பள்ளிக்கு ஒரு பெட்டி நிறையப் படக்கதைப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பயத்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, தோற்றுப் போனால் ஒன்று, நண்பன் பேசாமல் போனால் ஒன்று. படிக்கும் பிள்ளைகளுக்கு மனத்திடம் வருமாம். கூடவே ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு. பிள்ளைகளின் மனதை அறிய நினைக்கும் ஆசிரியர் தன் மனதையும் தினம் நான்கு வரி எழுதிப் பார்க்க வேண்டும் என்று அதன் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எச்.எம். ஜோஸ்பின் மேடம் அந்த வரியை அடிக்கோடிட்டு என் கையில் கொடுத்தார். நான் நூலக ஆசிரியை, இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். மறுக்க முடியுமா?

மனதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கரூரிலிருந்து கோபிக்கு மே மாதம் மாறி வந்தோம். என் கணவர் மருந்து கம்பெனியில் பிரதிநிதி. இந்த வேலையை எனக்குப் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டுக்குப் பக்கம், பெண்கள் அதிகம் இருக்கும் இடம். ஊரில் இருக்கும் நாட்களில் பள்ளி விடும் நேரத்துக்கு அவரே வண்டியோடு கேட்டில் நிற்பார். மற்ற மிஸ்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள்.

நோட்டை நூலக மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் எங்காவது மாட்டிக்கொள்ளும்.

ஜூன் 17, திங்கள்

மூன்றாம் வகுப்புக்கு முதல் நூலகப் பீரியட். எங்கள் மேல் வீட்டுப் பெண் கனிஷ்கா அந்த வகுப்பில்தான் இருக்கிறாள் என்று இன்றுதான் தெரிந்தது. வீட்டில் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவாள். இங்கும் அப்படித்தான். மற்ற பிள்ளைகள் புத்தகங்களின் மேல் விழுந்து பிடுங்கிக்கொண்டார்கள். அவள் கடைசியில் வந்து, மிச்சமிருந்ததையெல்லாம் புரட்டிப் பார்த்து, ‘இடி இடிக்கும் வளை’யை எடுத்துக்கொண்டாள்.

அது ஒரு முயல்குட்டியின் கதை. அது தூங்கும் வளையில் அடிக்கடி இடி இடிக்கிறது. எட்டிப் பார்த்தால் வானத்தில் மேகமே இல்லை. முயல்குட்டி காதைப் பொத்திக்கொள்கிறது. மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுகிறது. கடைசிப் பக்கத்தில் அதன் டீச்சரான மரங்கொத்தியிடம் போய்ச் சொல்கிறது. வீட்டில் சண்டையும் சத்தமும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று கையேட்டில் இருக்கிறது.

அட்டை பிரியாமலிருக்க எல்லாப் புத்தகங்களுக்கும் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். பசை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

குழம்பில் உப்பு கூடிவிட்டது. என் கவனக்குறைவுதான். புதுத் தட்டு வாங்க வேண்டும்.

ஜூன் 26, புதன்

கனிஷ்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வேறு எடுத்துக்கொள் என்றேன். அதையே மறுபடியும் எடுத்தாள். இன்னும் முடிக்கவில்லையாம். பக்கத்துக்கு இரண்டு வரி இருக்கும் புத்தகம் அது. இவளோ வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள் என்று அவளுடைய கிளாஸ் மிஸ் சொல்கிறார்.

ஒரு பிள்ளை ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காரணம் இருக்கும். கையேடு சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

ஜூலை 1, திங்கள்

மேல் வீட்டைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

கனிஷ்காவின் அப்பா பூபதி, மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவர். ஆள் கட்டுமஸ்தாக இருப்பார். அவர் போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கும். இயந்திரச் சத்தத்திலேயே இருந்து பழகிய குரல் என்று அவர் மனைவி மேகலா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் அன்று நம்பினேன்.

இப்போது ஒன்றைக் கவனிக்கிறேன். சாயங்காலத்தில் அவர்கள் வீட்டு டிவி சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று சத்தத்தைக் கூட்டுவார்கள். சீரியல் வசனமெல்லாம் எங்கள் கூடத்தில் வந்து விழும். கொஞ்ச நேரம் கழித்துக் குறையும். தினமும் இல்லை, சில நாட்களில் மட்டும். எதையாவது மறைக்க வேண்டியிருந்தால் தவிர யாரும் டிவியை அப்படி வைக்க மாட்டார்கள்.

நேற்றும் வைத்தார்கள். மேலே அழுகைச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து இங்கே அவர் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், கொஞ்சம் சத்தமாகவே. அதனால் மேலே நடந்தது எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

கையேட்டில் ஒரு பயிற்சி: ‘உனக்குப் பயம் வரும் இடத்தை வரைந்து காட்டு.’ பாதிப் பிள்ளைகள் பேய் வரைந்தார்கள். ஒருவன் கணக்கு சாரை வரைந்தான். கனிஷ்கா ஒரு மாடி வீட்டை வரைந்தாள். மேல் மாடியில் மஞ்சள் ஜன்னல், அதில் ஒரு சின்ன முகம். கீழ் மாடி முழுவதையும் கறுப்புக் கிரேயானால் அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தாள். தாள் கிழிந்தே போய்விட்டது.

பயத்தை யாருக்கும் தெரியாமல் காலுக்கடியில் புதைத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். எச்.எம். மேடத்திடம் காட்ட உதவும்.

ஜூலை 11, வியாழன்

இடது கையில் கட்டுப் போட்டிருப்பதால் புத்தக உறை வேலை அப்படியே நிற்கிறது. பீரோ கதவில் விரல் நசுங்கிவிட்டது.

கனிஷ்கா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலிக்கிறதா என்று கேட்டாள். பீரோ கதவு என்றேன். தலையை ஆட்டிவிட்டு, “அம்மா கேக்கச் சொன்னாங்க மிஸ்” என்றாள்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. என் கை எப்படி இருந்தால் மேகலாவுக்கு என்ன? பிள்ளையை வைத்து வேவு பார்க்கிறாளா? தன் வீட்டில் நடப்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் உள்ளவர்கள்தான் அடுத்த வீட்டை நோட்டம் விடுவார்கள்.

போன வாரம் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மாதிரி ஆட்களோடு ஒட்டவே வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். பாத்திரத்தைக் கழுவி வாசற்படியில் வைத்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு (திங்களன்று எழுதியது)

மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனேன். மேகலா வடகம் பரப்பிக்கொண்டிருந்தாள். என் கையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, யாராவது வருகிறார்களா என்று படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“மிஸ், எதாச்சும்னா ஒரு குரல் குடுங்க. நாங்க மேலதான் இருக்கறோம்.”

அவள் தன் கதையைச் சொல்ல வாய் வராமல், எனக்கு உதவுகிற மாதிரி பேச்சை ஆரம்பிக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நீங்களும் எதையும் மனதில் போட்டுப் பூட்டி வைக்கக் கூடாது, தயங்காமல் என்னிடம் சொல்லலாம், இதற்கெல்லாம் இப்போது சட்டம் இருக்கிறது என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். சரிங்க மிஸ் என்றுவிட்டு வடகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பாவம். அவ்வளவு பயம்.

ஜூலை 19, வெள்ளி

இன்று சந்தேகம் தீர்ந்தது.

நூலகத்தில் யாரோ ஒரு பையன் இடித்து இரும்பு நாற்காலி சாய்ந்து விழுந்தது. சத்தத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கனிஷ்காவை மட்டும் காணோம். மேசைக்கு அடியில் இருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, கண்ணை மூடி, புத்தகத்தில் அந்த முயல்குட்டி செய்வதுபோல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொண்ட ஒழுங்கோடு செய்தாள்.

மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அவளோடு தரையில் உட்கார்ந்தேன். வீட்டில் யாராவது சத்தம் போடுகிறார்களா என்று கேட்டேன். யாராவது யாரையாவது அடிக்கிறார்களா என்று கேட்டேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“அதச் சொல்லக் கூடாது மிஸ்.”

“யார் சொன்னா அப்படி?”

“அப்பா.”

இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜூலை 22, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், டிவி, படம், மேசைக்கு அடியில் ஒளிந்தது, அப்பா வாயைக் கட்டி வைத்திருப்பது. ஜோஸ்பின் மேடம் நிதானமானவர். பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் எதையும் கேட்பார். ஒரு குடும்பத்தின் மேல் பழி போடுவது லேசான காரியமில்லை, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார்.

நிச்சயம் என்றேன். ஒரு வீட்டில் அடி விழுகிறதென்றால் அடையாளங்கள் தெரியும் மேடம், ஆள் வரும் வண்டிச் சத்தம் கேட்டதும் உடம்பு தானாக விறைக்கும், பேசும் முன் மூன்று தடவை யோசிக்க வேண்டியிருக்கும், சிரிக்கலாமா கூடாதா என்று முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் சுகந்தி?” என்றார்.

கையேட்டில் இருக்கிறது என்றேன். இல்லை என்று பிறகு புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது. வேறெங்கோ படித்திருப்பேன்.

ஜூலை 25, வியாழன்

பூபதியைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். வேலை நடுவிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டையெல்லாம் செம்மண். அலுவலக வாசலில் காத்திருந்த மற்ற பெற்றோர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

அறைக் கதவு சாத்தியிருந்தும் அவர் குரல் வராண்டா முழுக்கக் கேட்டது. “எம் புள்ளைய நான் அடிப்பனுங்களா?” என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. குற்றம் செய்தவர்கள் அழவும் செய்வார்கள். அது எனக்குத் தெரியும். அடித்துவிட்டு, அழுது, காலைப் பிடிப்பவர்களும் உண்டு.

பிறகு என்னையும் உள்ளே அழைத்தார்கள். அப்படியானால் குழந்தை எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறாள், அதை ஏன் சொல்லக் கூடாது என்று தடுத்தீர்கள் என்று மேடம் கேட்டார். பூபதி என்னைப் பார்த்தார். நன்றாக நிமிர்ந்து பார்த்தார். தொப்பியைக் கையில் கசக்கியபடி, “அத நான் சொல்றது முறையில்லீங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

பதில் இல்லாதவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

வெளியே போகும்போது காத்திருந்த பெண்களில் ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனித்தார்.

ஜூலை 26, வெள்ளி

கனிஷ்கா வரவில்லை. டிசி வாங்கப் போகிறார்கள் என்று ஆயா சொன்னாள்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாயிற்று. நல்ல காரியம் செய்தாய் என்றார். என் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்படிப்பட்ட ஆட்கள் மேலே இருப்பது நமக்கும் மரியாதையில்லை, வீட்டுக்காரரிடம் பேசிக் காலி செய்ய வைக்கிறேன் என்றார். அப்போதே போன் போட்டுப் பேசியும் விட்டார். அவர் பேசினால் யாரும் மறுக்க மாட்டார்கள். குரலே உயராது. டாக்டர்களோடு பேசிப் பேசி வந்த பணிவு.

எனக்கு ஏனோ சாப்பாடு இறங்கவில்லை. மேலே யாரும் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

ஜூலை 29, திங்கள்

கனிஷ்கா வந்தாள். மேகலா கொண்டுவந்து விட்டுவிட்டு, என்னைத் தாண்டி, என்னைப் பார்க்காமல் போனாள்.

மூன்றாம் பீரியடில் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கனிஷ்கா அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மேடம் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, சற்று முன் சொன்னதை மிஸ்ஸுக்கும் சொல்கிறாயா என்று கேட்டார். அவள் தலை குனிந்தாள். மேடமே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“சத்தம் எங்கிருந்து வருதும்மா?”

“கீழ இருந்துங்க மேடம்.”

“கீழ யார் இருக்காங்க?”

“மிஸ். அப்புறம் அங்கிள்.” கொஞ்சம் நிறுத்தி, என்னைக் காப்பாற்றுகிறவள்போல அவசரமாகச் சொன்னாள்: “மிஸ் சத்தமே போட மாட்டாங்க. அங்கிள் மட்டுந்தான்.”

தனக்குப் பயமாக இருக்கக் கூடாதென்று அப்பா டிவியைக் கூட்டி வைப்பார் என்றாள். அடுத்தவர் வீட்டு விஷயம், பள்ளிக்கூடத்தில் சொன்னால் மிஸ்ஸுக்கு அவமானம், அதனால் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தாராம்.

அந்த முயல் புத்தகத்தை ஏன் திரும்பத் திரும்ப எடுத்தாய் என்று மேடம் கேட்டார். என்ன செய்வதென்று பார்ப்பதற்கு என்றாள். கடைசிப் பக்கத்தில் டீச்சரிடம் சொல் என்றுதான் போட்டிருக்கிறது என்றாள்.

“அப்ப ஏன் மிஸ்கிட்ட சொல்லல?”

“மிஸ்ஸுக்குத்தான் தெரியுமே” என்றாள்.

குழந்தை எதையோ குழப்பிக்கொள்கிறது மேடம், எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை, அவர் கொஞ்சம் முன்கோபி, அவ்வளவுதான் என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. மேடம் என் இடது கையைப் பார்த்தார். நான் அதை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 31, புதன்

யார் யாருக்குத் தெரியும்? மேகலாவுக்குத் தெரியும். பூபதிக்குத் தெரியும். எதிர் வீட்டில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்களே, அவர்களுக்கு? பால் ஊற்றுகிறவர் சில நாட்களில் மணியடிக்காமல் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாரே, அவருக்கு? மேடம் வேறு யாரிடமாவது சொல்லியிருப்பாரா? ஸ்டாஃப் ரூமில் இன்று இரண்டு பேர் சிரித்தது என்னைப் பற்றியா? ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு மட்டும் மேல் வீட்டுச் சத்தம்தான் கேட்டிருக்கிறது.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். கவனக்குறைவு என்கிறாள். பீரோ கதவு என்கிறாள். இதை எழுதியவளை எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொல்வதில் ஒரு வார்த்தையை நம்ப மாட்டேன்.

மேடம் மதியம் நூலகத்துக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளி விடுதியில் வார்டனுக்கான அறை காலியாகத்தான் இருக்கிறது என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. போய்விட்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். வலது கைக்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை ஆடிப்பெருக்கு. காலையிலேயே அவர் என்னைக் கொடிவேரிக்கு அழைத்துப்போனார். அணையில் கூட்டமான கூட்டம். எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தார். பொரித்த மீன் வாங்கி, முள் எடுத்து என் இலையில் வைத்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, குடுத்து வெச்ச பொண்ணு என்றாள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். எதற்காக இதெல்லாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாயங்காலம் விளக்கேற்றியதும் கதவைச் சாத்தினார். காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரிடம் பூபதி காரணத்தைச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் இவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இரண்டு நாளாக அதை வைத்துக்கொண்டுதான் என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறார்.

“பள்ளிக்கூடத்துல என்ன சொல்லி வெச்சிருக்க?” என்று மெல்லக் கேட்டார். அவர் கத்தும்போதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை. மெல்லப் பேசும்போதுதான். நான் எதையும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. முதலில் தட்டு பறந்தது. பிறகு நான் சுவரில் போய் மோதினேன்.

மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கூட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அடியை விட அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். கூட்டவில்லை. டிவி நின்றது. வீடே நிசப்தமாகிவிட்டது. அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது, அவருக்கே கேட்டிருக்க வேண்டும், பாதிச் சொல்லில் நிறுத்தி மேலே பார்த்தார். படியில் ஆள் இறங்கும் சத்தம் கேட்டது.

கதவைத் தட்டினார்கள். அவர் தலையைச் சீவிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகத் திறந்தார். பூபதி நின்றிருந்தார். பின்னால் மேகலா.

“மிஸ்ஸ வெளிய அனுப்புங்க சார்.”

இது எங்கள் குடும்ப விஷயம் என்று இவர் நயமாகச் சொன்னார்.

“ஆமாங்க. அப்பிடி நெனச்சுத்தான் இத்தன நாளும் டிவிய சத்தமா வெச்சோம். இன்னைக்கு நிறுத்திப்போட்டனுங்க.”

பூபதி குரலை உயர்த்தவே இல்லை. வாசலை விட்டு நகரவும் இல்லை. மேகலா அவர் கைக்கு அடியில் புகுந்து உள்ளே வந்து என் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். என் கணவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கப் போனேன். மேகலா, “படி பாத்து ஏறுங்க மிஸ்” என்றாள். படியைப் பார்த்தேன்.

மேலே கனிஷ்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் நிறைய இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பயப்படாதே என்று அவளுக்குச் சொல்ல நினைத்தேன். பயமா இருக்கு கனிஷ்கா என்றுதான் வாயில் வந்தது. எனக்கும் மிஸ் என்றாள்.

மேகலா போன் செய்ததும் மேடம் ஆட்டோவில் வந்தார். அரசு ஆஸ்பத்திரி, பிறகு மகளிர் காவல் நிலையம். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். கல்யாணமாகி இரண்டாம் மாதத்திலிருந்து என்றேன். எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் தலை நிமிராமல், சொல்லுங்க என்றார். சொன்னேன். விடிய விடியச் சொன்னாலும் தீராதுபோல வந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

அவர் பள்ளிக்கு வந்தார். தேய்த்த சட்டை. மேடத்துக்கு ஒரு பை ஆப்பிள். தன் மனைவிக்குச் சில காலமாக மனநிலை சரியில்லை, இல்லாததையெல்லாம் கற்பனை செய்துகொள்கிறாள் என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னாராம். ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது, கற்பனைதானோ என்று. இனிமேலும் வரும் என்று நினைக்கிறேன்.

என்ன பதில் சொல்லட்டும் என்று மேடம் ஆள் விட்டுக் கேட்டார். வர மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். ஆப்பிளையும் கையோடு கொடுத்தனுப்பச் சொன்னேன்.

அண்ணன் சத்தியமங்கலத்திலிருந்து போன் செய்தான். கொஞ்சம் அனுசரித்துப் போ என்றான். இதையே முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவன் பேசி முடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்றாம் வகுப்புப் பீரியட். நெற்றியில் என்ன காயம் மிஸ் என்று ஒரு பையன் கேட்டான். கனிஷ்கா என்னைப் பார்த்தாள்.

ஒருத்தர் தள்ளிவிட்டார், இப்போது அந்த வீட்டில் நான் இல்லை என்றேன்.

அவன் அதைக் கொஞ்சம் யோசித்தான். சரிங்க மிஸ் என்றுவிட்டுப் புத்தகம் தேடப் போய்விட்டான். எவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

என் சாமான்களை எடுத்து வர வேண்டியிருந்தது. சர்டிபிகேட்டுகள், துணிமணி, கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த பீரோ. யாரைப் போகச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். மேடம் யாரிடமோ பேசியிருக்கிறார். மதியம் விடுதி வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பூபதி ஓட்டி வந்திருந்தார். மேகலா பக்கத்தில். பின்னால் பீரோவைக் கயிறு போட்டுக் கட்டி, அது ஆடாமலிருக்கத் தலையணைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சாமான் எடுக்கப் போனபோது பெண் போலீஸ் ஒருவர் கூட இருந்ததால் என் கணவர் எதுவும் பேசவில்லையாம். எல்லோருக்கும் காபி வேண்டுமா என்று கேட்டாராம். மேகலா இதைச் சொல்லிவிட்டு, என் புடவை மூட்டையை இறக்கி, எண்ணெய்ப் பாட்டில் சிந்திவிட்டதா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூபதி என் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளியில் அவரை அழைத்து நிற்க வைத்த நாளிலிருந்து அவரைச் சில வீடுகளில் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று ஆயா சொல்லியிருந்தாள். அந்த வாசலில் பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டவளை நானும்தான் பார்த்தேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் நின்றேன். நான் செய்தது பெரிய தப்பு, உங்களை நான் தெரிந்துகொள்ளாமல் பேசிவிட்டேன், மேடத்திடம் சொல்லி அன்று வந்திருந்த எல்லோருக்கும் தெரியப்படுத்துகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தது. பாதி மறந்துவிட்டது.

அவர் கயிற்றைச் சுருட்டி முடித்தார். வண்டியின் மேல் போட்டார்.

“உங்க மேல எனக்குக் கோவம் இருக்குதுங்க மிஸ். அது போக நாளாகும். அது வேற.” பீரோவை அணைத்து ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். “இத எங்க எறக்கறதுன்னு சொல்லுங்க.”